அணை நீரில் மீனுக்கு இரை எங்கே?

மேட்டூர் அணை நிரம்பினால் நாடெங்கும் அதுவே செய்தி. எத்தனை அடி, எத்தனை டி.எம்.சி., மதகைத் திறந்த மந்திரி யார் என்று பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. எழுதட்டும். டெல்டா விவசாயியின் உயிர் அந்த நீரில்தான் இருக்கிறது. ஆனால் அதே நீரில் வலைவீசிப் பிழைக்கும் மீனவனைப் பற்றி எழுதுவோர் குறைவு. அவன் பிடிக்கும் மீன் அங்கே எதைத் தின்று வளர்கிறது என்று கேட்போர் அதனினும் குறைவு. ஆட்டுக்கறி வாங்க வகையில்லாத மில் தொழிலாளி வீட்டிலும் விவசாயக் கூலி வீட்டிலும் குழம்புச் சட்டிக்கு வருவது மீன். ஆகவே இது நம்முடைய பிரச்னை.

ஓடுகிற ஆற்றில் மீனுக்கு இரை பல வழிகளில் கிடைக்கிறது. பாறையிலும் கூழாங்கல்லிலும் படியும் பாசியைக் கெண்டை இனங்கள் உதட்டால் சுரண்டித் தின்னும். மணலிலும் சேற்றிலும் உள்ள புழுவையும் மக்கிய தழையையும் அயிரை பொறுக்கும். இவற்றையெல்லாம் வாளை விழுங்கும். வெள்ளம் கரைபுரண்டால் அது மீனுக்குத் திருவிழா. நனைந்த மண்ணிலிருந்து மண்புழு, அடித்துவரப்பட்ட பூச்சி, விதை, உதிர்ந்த பழம் எல்லாம் இரையாகும். அந்தப் புதுவெள்ளமே சினை மீனுக்கு முட்டையிடும் காலத்தையும் சொல்கிறது.

1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. ஓடிய நீர் நின்றது. நின்ற நீரில் வண்டல் அடியில் படிந்து பாறையையும் கூழாங்கல்லையும் மூடிவிடும். பாசி சுரண்டிய மீனுக்கு மேய்ச்சல் போய்விடும். ஆழமான அடித்தளத்தில் வெயில் இல்லை, பிராணவாயுவும் குறைவு. புழு பூச்சி அதிகம் வாழாது. மாறாக மேல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்களும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. நிபுணர்கள் இவற்றைப் பிளாங்டன் என்பர். அணை நீரில் முக்கியமான சாப்பாடு இதுதான். இதைச் செவுளால் வடிகட்டித் தின்னத் தெரிந்த மீன் கொழுக்கும், தெரியாதது மெலியும். வடக்கேயிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கட்லா இங்கே செழித்ததற்குக் காரணம் இதுவே. அதன் வாய் மேல்நோக்கி இருப்பதைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள்.

புது அணைகளில் முதல் சில வருஷங்கள் மீன் குவியும். மூழ்கிய காடும் வயலும் அழுகி நீருக்கு உரமாவதே இதற்குக் காரணம். அந்த உரம் தீர்ந்ததும் பிடிபாடு சரியும். "மீனவன் சோம்பேறியாகிவிட்டான்" என்று அப்போது சொல்கிறவர்கள் கணக்குப் புத்தகத்தைத்தான் பார்க்கிறார்கள், தண்ணீரைப் பார்ப்பதில்லை.

நீர்மட்டத்தின் ஆட்டம் தனிக் கதை. 2023 அக்டோபரில் மேட்டூரில் மட்டம் சுமார் 30 அடி. 2024 ஜூலை 30ல் 120 அடி. இப்படி ஏறி இறங்கும் அணையில் எந்தச் செடி கரையோரம் வேர்பிடிக்கும்? ஆழமில்லாத ஓரத்து நீர்தான் குஞ்சுகளின் உணவுக்கூடம். மதகு திறந்து மட்டம் சரசரவென்று இறங்கினால், அங்கே ஒட்டியிருந்த பாசியும் புழுவும் முட்டையும் வெயிலில் காய்ந்துபோகின்றன. மறுபக்கமும் உண்டு. நீர் வற்றியபோது பண்ணவாடிப் பக்கம் விவசாயிகள் அணையின் தரையிலேயே பயிர் செய்கிறார்கள். மீண்டும் நீர் ஏறும்போது அந்தத் தாளும் புல்லும் மக்கி மீனுக்கு இரையாகிறது. ஏழை விவசாயியின் அறுவடை மிச்சம் மீனவனின் வலைக்கு வந்து சேருகிறது!

கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் இயல்பாக முட்டையிடுவதில்லை. 1957ல் ஹீராலால் சௌத்ரி ஊசிமூலம் இவற்றைப் பண்ணையிலேயே சினைப்படுத்தும் முறையை வெற்றிகரமாக நடத்திக் காட்டினார். எனவே குஞ்சு விடுவது சர்க்காரின் கையில் இருக்கிறது. ஆனால் விரல்நகம் அளவுக் குஞ்சை லட்சக்கணக்கில் கொட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டால் வாளைக்குத்தான் விருந்து. நாலங்குலம் வளர்த்துத்தான் விடவேண்டும். 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையோ எதையும் தின்று எங்கும் பெருகும். கூட்டம் மிஞ்சிவிட்டால் கையகலத்துக்கு மேல் வளராமல் நின்றுவிடும். நாட்டு மீனின் இரையிலும் பங்கு கேட்கும்.

அணைக்குக் கீழே நிலைமை இன்னும் மோசம். கடலிலிருந்து வெள்ளத்தை எதிர்த்து ஏறிவந்த உல்லம் மீனுக்குக் காட்டன் காலத்துக் கீழணையே தடையாக இருந்தது. மேட்டூர் வந்தபின் வெள்ளமும் அடங்கியது; காவிரியில் உல்லம் மீன்பிடிப்பு நசிந்தது. வண்டலும் அணைக்குள்ளே சிறைப்பட்டுவிடுவதால் ஆற்றின் முகத்துவாரத்து மீனும் பட்டினி கிடக்கும். எகிப்தில் நைல் நதியை அஸ்வானில் மறித்தபின் நடந்தது உலகறிந்தது. 1962ல் சுமார் 18,000 டன் கிடைத்த மத்தி மீன் சில வருஷங்களில் ஆயிரம் டன்னுக்கும் கீழே இறங்கியது. நதியின் உரம் கடலை எட்டவில்லை.

அப்படியானால் அணையே கூடாது என்கிறோமா? இல்லை. பாசனமும் மின்சாரமும் மக்களுக்கு வேண்டும். நாம் கேட்பது வேறு. நீரைத் திறக்கும் திட்டம் வகுக்கும் கூட்டத்தில் நீர்வளத்துறை இஞ்சினீயருக்குப் பக்கத்தில் மீனவர் பிரதிநிதிக்கும் நாற்காலி வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றுக்குச் சில நாட்களாவது உண்மையான வெள்ளம் விடவேண்டும். கோடையிலும் அடிமணல் நனையும்படி ஓட்டம் இருக்கவேண்டும். சினைக்காலத்தில் வலையை நிறுத்தச் சொன்னால், கடல் மீனவருக்குத் தடைக்கால நிவாரணம் தருவதுபோல் அணை மீனவர் குடும்பத்துக்கும் தரவேண்டும். வெறும் உத்தரவு அடுப்பை எரிக்காது.

ஏரி குளங்களில் நடக்கும் மீன் பாசி ஏலத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பணமுள்ளவன் ஏலம் எடுக்கிறான். குத்தகை முடிவதற்குள் கண்ணி சிறுத்த வலையால் குஞ்சு வரை வாரிவிடுகிறான். அடுத்த வருஷம் அந்த நீரில் எது மேயும் என்பது அவன் கவலையல்ல. அந்த நீரிலேயே வாழ்கிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு நீண்டகால உரிமை கொடுத்தால் அவர்கள் குஞ்சை விட்டுவைப்பார்கள். நாளைக்கும் அவர்களே வலைவீச வேண்டுமல்லவா?

உடனடியாக ஒன்று செய்யலாம். அதற்குச் செலவும் அதிகமில்லை. மேட்டூரில் இந்த வருஷம் எந்த மீனின் குஞ்சு, எத்தனை, எந்த அளவில், எந்தத் தேதியில் விடப்படுகிறது என்பதை மீன்துறை இலாகா அணையோரக் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் பலகையில் எழுதிவைக்கட்டும். குஞ்சு விடும்போது மீனவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.