கூடை இல்லாத சைக்கிள்

பெண்ணையும் சைக்கிளையும் சேர்த்து யார் பேச்செடுத்தாலும் நேரே புதுக்கோட்டைக்குப் போய்விடுவார்கள். போக வேண்டியதுதான். 1990களின் தொடக்கத்தில், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்ற அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கல் குவாரியில் உழைத்தவர்கள், வயல்கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என்று 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் மார்ச் 8 அன்று அந்தப் பெண்களின் படம் திரையில் ஏறும். பேச வருகிறவர் தண்ணீர்க் குடத்தைச் சொல்வார். சந்தைக்குப் போன காய்கறி மூட்டையைச் சொல்வார். முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே அந்தப் பெண்களில் பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளை விரும்பிக் கேட்டார்கள் என்பதையும் சொல்வார். அரங்கம் கைதட்டும்.

ஒன்றை மட்டும் எவரும் சொல்வதில்லை. பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தன் நூலில் இந்தப் பெண்களைப் பற்றி எழுதும்போது, 70,000க்கும் மேற்பட்டவர்கள் பொதுவில் நடந்த சைக்கிள் காட்சிப் போட்டிகளில் கலந்துகொண்டதைக் குறிப்பிடுகிறார். குடம் இல்லாமல், மூட்டை இல்லாமல், பிள்ளை இல்லாமல், ஊர் பார்க்க ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். பொருளாதாரப் பயனை மட்டும் எண்ணினால் அவர்கள் அடைந்த தன்மதிப்பு கணக்கில் விட்டுப்போகும் என்பதையும் அவர் உணர்ந்து எழுதியிருக்கிறார். நமக்கு நினைவில் நின்றதோ குடம்தான். பெண் எதைச் சுமந்தாள் என்று கேட்டுத்தான் அவளுடைய சைக்கிளை மதிக்கத் தெரிகிறது நமக்கு.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கான விலையில்லா சைக்கிளையும் இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் விரிவான திட்டம். எத்தனையோ பெண்கள் பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். என் வகுப்பிலேயே அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பெண்கள் சைக்கிள் என்றாலே நம் கண்ணில் முதலில் வருவது முன்பக்கக் கூடைதானே? பள்ளிக்குப் போகும்போது பையைச் சுமக்கும், திரும்பும்போது ரேஷன் சர்க்கரையைச் சுமக்கும். இறக்கத்தில் கைப்பிடியை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு போனால் ‘அடக்கமில்லாதவள்’ என்று தெருவே சொல்லும்.

இதையெல்லாம் எழுதவைத்தது எங்கள் கல்லூரியின் மதியச் சவாரி. நான் செங்கல்பட்டில் குடியிருக்கிறேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் சுமார் 30 கிலோமீட்டர் வந்து, மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். அங்கே புதன்தோறும் மதிய உணவு இடைவேளையில் ஆண் பேராசிரியர்களும் அலுவலக ஊழியர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய்த் திரும்புவார்கள். போக வர 20 கிலோமீட்டர். பெயருக்குத்தான் ‘குரூப் ரைடு’. கடைசி 2 கிலோமீட்டரில் அது பந்தயம். கைபேசிச் செயலியில் வேகமும் நேரமும் பதிவாகும். ஆசிரியர் அறையின் வெள்ளைப் பலகையில் அன்றைய வரிசை எழுதப்படும். வியர்வை காய்வதற்குள் டீ வரும். அந்த டீயின்போது அடுத்த பாடத்திட்டக் குழுவில் யார், தேர்வுப் பொறுப்பு யாருக்கு என்பதெல்லாம் பேசி முடிந்துவிடும். துறைக் கூட்டத்துக்கு நாங்கள் போய் உட்காரும்போது முடிவு ஏற்கெனவே குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருக்கும்.

நான் வருகிறேன் என்றதும் கிடைத்த பதில்: “வெயில் ஜாஸ்தி மேடம், உங்களுக்கு எதுக்கு? ஒரு சனிக்கிழமை காலைல ஃபேமிலி ரைடு வெக்கிறோம், அப்ப வாங்க.”

இந்த வெயில் கரிசனத்தை மட்டும் என்னால் தாங்க முடிவதில்லை. அதே வெயிலில், அதே சாலையோரத்தில் நூறு நாள் வேலையில் மண் அள்ளுகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். மீன் கூடையை இறக்கி வைக்க நிழல் தேடி நிற்கிறவளும் பெண்தான். அவர்களிடம் போய் “வெயில் ஜாஸ்தி, உங்களுக்கு எதுக்கு” என்று எந்த சாரும் கேட்டதில்லை. கூலிக்கு நின்றால் வெயில் பெண்ணைச் சுடாது போலும். ஆசைக்கு வந்தால்தான் சுடும்.

நான் போனேன். பழைய ஹைபிரிட் சைக்கிள் ஒன்றை வாங்கி, செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் விடியலில் ஓட்டிப் பழகிவிட்டுத்தான் போனேன். மார்கழி மாதம். நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் உண்டென்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன்: தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. அன்று வீசியது கொண்டலும் வாடையும் கலந்த வடகிழக்குக் காற்று. வடக்கே போகிறவர்களுக்கு வலது கன்னத்தில் சாய்வாக அறையும்.

கூட்டமாக ஓட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பு மூன்றில் ஒரு பங்கு வரைகூடக் குறையும். நேர்க்காற்று என்றால் ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். காற்று வலப்புறமிருந்து சாய்வாக வந்தால் மறைவும் இடப்புறம் நகர்ந்துவிடும். ஒவ்வொருவரும் முன்னவருக்குச் சற்று இடப்பக்கமாகப் படிக்கட்டுபோல் அமைய வேண்டும். லாரியும் பேருந்தும் ஓடும் சாலையில் இப்படி மூன்று பேருக்கு மேல் இடமில்லை. நான்காவது ஆள் ஓரத்து மணலில். அவருக்குக் காற்றும் முழுசு, மணலும் முழுசு. அப்போது செய்ய வேண்டியது, முதல் ஆள் வலப்பக்கம் சற்றுத் தள்ளிப் போய் எல்லோருக்கும் இடம் விடுவது. அல்லது இரண்டாவதாக இன்னொரு படிக்கட்டு கட்டுவது. நம்மவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். முதல்வர் சவாரிக்கு வந்த நாளில் எவ்வளவு அழகாக இடம் விட்டார்கள் என்று பிறகு பார்த்தேன்! எனக்கு மட்டும் மணல். “மேடம், மெதுவா வாங்க, அவசரமில்ல” என்ற குரல் முன்னாலிருந்து காற்றில் வந்தது.

நான்காவது புதன் கடைசி 2 கிலோமீட்டரில், முதுகில் காற்று இருக்க, நான் இரண்டு பேரைத் தாண்டினேன். ஒருவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். பலகையில் என் பெயர் இல்லை. கேட்டேன். “மேடம் கெஸ்ட்தானே” என்றார் ஒருவர். இன்னொருவர், “சார் ஜென்டில்மேன், விட்டுக்கொடுத்துட்டார்” என்று சிரித்தார். தோற்றவர் அதை மறுக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்வதைவிடப் பெருந்தன்மையை ஒப்புக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்தது. நான் தோற்ற மூன்று புதன்களிலும் என் தோல்வி என்னுடையதாகவே இருந்தது. வென்றபோதுதான் அது வேறொருவர் கொடுத்த தானமாக மாறியது.

சரி, அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? பந்தயம் முடிந்து அவர்கள் திறக்கும் டிபன் பாக்ஸில் இருந்துதான். அதற்குள்ளே சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கின்றன. அதை வேறொருத்தி விடியலில் எழுந்து கட்டியிருக்கிறாள். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். இடையே 200 நிமிடத்துக்கு மேல். புதன்கிழமைச் சவாரி 50 நிமிடம்தான். அந்த 200இல் தாராளமாக அடங்கும்.

எங்கள் இடைவேளையோ வேறு மாதிரி. பிள்ளையின் பள்ளிக்கு ஒரு போன், மாமியாரின் மாத்திரைக்கு ஒரு போன், விடுதி மாணவியின் காய்ச்சல், விழாவுக்குக் கோலம் யார் போடுவது என்ற கேள்வி. (கோலக் குழுவில் ஒரு ஆண் பெயரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.) சாப்பாடு நின்றுகொண்டே நான்கு வாய். உடை இன்னொரு சங்கதி. ஆண் சட்டையைக் கழற்றி ஜெர்சி மாட்ட மூன்று நிமிடம் போதும். சேலையும் அதன்மேல் ஓவர்கோட்டும் கட்டாயம் என்றிருக்கும் இடத்தில், அவிழ்த்து, மடித்து, ஓட்டிவிட்டு வந்து, வியர்வையோடு மறுபடி கொசுவம் வைத்து, ஆறாவது பீரியடுக்குப் போய் நிற்க வேண்டும். மாற்றிக்கொள்ள இடம்? ஆய்வகத்தின் பின்னால் தாழ்ப்பாள் இல்லாத ஸ்டோர் ரூம். வழியில் ஆண்கள் சவுக்கு மரத்தோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஒதுங்குவார்கள். நாங்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவோம். நண்பகலில் தண்ணீர் குடிக்காமல் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறவளிடம் வேகம் பற்றாது என்று சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாவது வேண்டும்.

பெண்ணியத் தோழிகள் சிலர் வேறு திசையிலிருந்து மறுக்கிறார்கள். போட்டியே ஆணாதிக்கத்தின் மொழி, நீ ஏன் அவர்களுடைய பலகையில் பெயர் கேட்கிறாய், நாம் நிதானமாக, ஒருவரை ஒருவர் தாங்கி, கடல் பார்த்துக்கொண்டு ஓட்டலாமே என்று. அன்போடு சொல்கிறார்கள். ஆனால் தாங்குவதும் நிதானமும் விட்டுக்கொடுப்பதும் பெண் இயல்பு என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு என் பாட்டியின் குரல் கேட்கிறது. எனக்குக் கடல் பார்க்க வேண்டாம். கடலை முப்பது வருடமாகப் பேருந்து ஜன்னலில் பார்த்தாயிற்று. தொடை எரிய வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், முன்னால் போகிற முதுகை எட்டிப் பிடிக்க வேண்டும். அந்த முதுகைத் தாண்டும் கணத்தில் எனக்குள் எழுவது தாய்மையோ கருணையோ அல்ல. அதற்குத் தமிழில் வெறி என்ற சொல் இருக்கிறது, போதும்.

இந்த ஆசை ஏதோ நகரத்துப் பெண்ணின் கொழுப்பு என்று நினைப்பவர்களுக்கு அல்ஃபோன்சினா ஸ்ட்ராடாவைச் சொல்கிறேன். இத்தாலியின் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1924இல் ஆண்களுக்கென்றே நடந்த ஜீரோ த’இத்தாலியா பந்தயத்தில் ஓட்டினார். நட்சத்திர வீரர்கள் வராமல் போட்டி களையிழந்திருந்ததால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. மழையும் சேறுமான ஒரு கட்டத்தில் அவருடைய கைப்பிடி உடைந்துபோக, துடைப்பக் கம்பை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார் என்று சொல்வார்கள். நேர வரம்பைத் தாண்டிவிட்டதால் அதிகாரபூர்வ வரிசையில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் மிலான் வரை ஓட்டி முடித்தார். அடுத்த ஆண்டு அவரைச் சேர்க்கவில்லை. ஒலிம்பிக்கில் ஆண்கள் சாலைப் பந்தயம் 1896இலேயே வந்துவிட்டது; பெண்களுக்கு 1984இல். 88 ஆண்டுகள். அவ்வளவு காலமும் ‘நீங்கள் எதுக்கு, வெயில் ஜாஸ்தி’ என்றுதான் சொல்லியிருப்பார்கள், அவரவர் மொழியில்.

நம் மொழியிலும் தேடிப் பார்க்கலாம். நெய்தல் நிலத்துப் பெண்பிள்ளைகள் கடற்கரை மணலில் ஆயத்தோடு ஓரை ஆடுவதைச் சங்கப் பாடல்களில் கற்பித்துக்கொண்டேதான் இருக்கிறேன். மாமல்லபுரத்து மணலில் நின்றுகொண்டு அந்தப் பாடல்களை நடத்துவது தனி இன்பம். ஆனால் அடுத்த பாடமே இற்செறிப்பு. பருவம் வந்தாள், காதல் வெளிப்பட்டது, வீட்டுக்குள் வை. அதன்பின் அவள் காத்திருப்பாள், ஊடுவாள், விருந்தோம்புவாள். புனலாட்டைத் தவிர்த்தால் வளர்ந்த பெண்ணுக்கென்று விளையாட்டு அதிகமில்லை. நாற்பத்தைந்து வயதில், நடுப்பகலில், எந்தப் பொருளையும் எங்கும் கொண்டுசேர்க்காமல் 20 கிலோமீட்டர் ஓட்டுவதை நான் ஓரை என்றே சொல்வேன். என் மாணவிகளுக்கு அந்தச் சொல்லை இப்போது இப்படித்தான் விளக்குகிறேன்; தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் உண்டு.

இப்போது நாங்கள் ஐந்து பேர். நூலகர் ஒருவர், வேதியியலில் இருவர், அலுவலகத்தில் ஒருவர், நான். ஒருவருக்கொருவர் காற்று மறைத்துப் பழகிக்கொண்டிருக்கிறோம். படிக்கட்டு அமைப்பும் ஓரளவு வந்துவிட்டது. புதன்கிழமை ஐந்தாவது பீரியடை எங்களுக்கு ஓய்வாக ஒதுக்கவும், தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறையும் அதையொட்டிய கழிப்பறையும் தரவும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். ஐந்தாவது பீரியட் மதிய இடைவேளையை அடுத்து வருவது. சேலைக்குத் திரும்ப அந்த நேரம் வேண்டும். படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. உடல்நலம் என்று எழுதினால் உடனே கையெழுத்தாகிவிடும் என்று அலுவலகத்தில் அக்கறையோடு சொன்னார்கள். மகளிர் மேம்பாடு என்று எழுதினாலும் ஆகிவிடுமாம், அதற்கு நிதிகூட இருக்கிறதாம். நாங்கள் ‘போட்டி’ என்று எழுதினோம். படிவம் விளக்கம் கேட்டு ஒருமுறை திரும்பி வந்தது. அதே சொல்லை மறுபடியும் எழுதி அனுப்பியிருக்கிறோம்.