பெண்கள் டென்னிஸ்: வாசல் வரை இரு முறை

2025-ஆம் வருஷம் நவம்பர் மாதம் பெங்களூரில் நடைபெற்ற பில்லி ஜீன் கிங் கோப்பைத் தகுதிப் பந்தயத்தில் இந்திய ஸ்திரீகள் கோஷ்டிக்கு முதலிடம் கிட்டவில்லை. ஸ்லொவீனியா, நெதர்லாந்து ஆகிய இரு தேசத்தாரும் நமது பிரிவில் இருந்தனர். அவர்களை வென்றிருந்தால், 2026-இல் மேல் வகுப்புத் தேசங்களோடு ஆடும் உரிமை நமக்கு வந்திருக்கும். சொந்த மண்ணில், சொந்த ஜனங்களின் முன்னிலையில், அது கை நழுவிப் போயிற்று.

பந்தாட்டத்துக்கு ஒரு தலையங்கமா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கலாம். கிரிக்கெட்டுக்குப் பக்கம் பக்கமாய் எழுதும்போது அவ்விதம் கேட்பவரை நாம் கண்டதில்லை. ஒரு தேசம் தன் பெண்மக்களுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதை அளக்க இதுவும் ஒரு கோல்தான்.

டேவிஸ் கோப்பையில் இந்திய ஆடவர் 1921-லேயே இறங்கிவிட்டனர். பெண்களுக்கான கோப்பை பெடரேஷன் கப் என்ற பெயரில் 1963-இல் லண்டனில் தொடங்கியது. 2020-இல்தான் இன்றைய பெயரைப் பெற்றது. அதில் இந்தியா முதன்முதல் கலந்துகொண்டது 1991-இல். ஆண்களுக்குப் பின் எழுபது வருஷம்! இந்தத் தாமதத்துக்கு அந்நிய ஆட்சியை மட்டும் குறை கூறி நாம் தப்ப முடியாது. 1963-க்குப் பிறகு கழிந்த 28 வருஷங்களும் நம்முடைய சொந்தக் கணக்கில் சேர்ந்தவை.

மேல் வகுப்பின் வாசலை நமது கோஷ்டி முதன்முதல் எட்டியது 2020 மார்ச்சில். பிள்ளை பெற்று, நான்கு வருஷ இடைவெளிக்குப் பின் ஸானியா மிர்ஸா கோஷ்டிக்குத் திரும்பியிருந்தார். துபாயில் நடந்த ஆசிய வட்டாரப் பந்தயங்களில் சீனாவுக்கு அடுத்த இடம் நமக்குக் கிடைத்தது. கொள்ளை நோயால் ஒரு வருஷம் தள்ளிப்போன தகுதிப் பந்தயம் 2021 ஏப்ரலில் லாட்வியா தேசத்து யூர்மலா நகரில் நடந்தது. 2017-இல் பிரெஞ்சுப் பட்டம் வென்ற ஓஸ்டபென்கோவை எதிர்த்து அங்கிதா ரெய்னா மூன்று செட்டுகள் போராடி, கடைசி செட்டில் 5-7 என்று தோற்றார். கோஷ்டி 1-3 என்று தோற்றது.

இங்கே ஆட்ட முறையைச் சற்று ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வட்டாரப் பந்தயத்தில் இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஓர் இரட்டையர் ஆட்டம். ஒற்றையரில் ஒன்றை வென்றுவிட்டால், இரட்டையரில் தேர்ந்த நம்மவர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். 2020-இல் இந்தோனேஷியாவை அப்படித்தான் வென்றோம். 2025 ஏப்ரலில் புனாவில் ஸ்ரீவல்லி பமிடிபாடி தமது ஒற்றையர் ஆட்டங்கள் அனைத்தையும் வென்று கொடுக்க, கொரியாவுக்கு எதிரான முடிவை அங்கிதாவும் பிரார்த்தனா தோம்பரேயும் இரட்டையரில் தீர்த்தனர். ஆனால் யூர்மலாவில் கையாண்ட முறையில் நான்கு ஒற்றையர் ஆட்டங்களுக்குப் பிறகே இரட்டையர் ஆட்டம். மூன்று ஒற்றையரில் தோற்றவனுக்கு இரட்டையர் வீரம் எதற்கு உதவும்? வீடு இடிந்த பிறகு வெள்ளையடித்த கதைதான். பெங்களூரில் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது; குறை மாறவில்லை. அப்பொழுது ஒற்றையர் உலக வரிசையின் முதல் 200 பேரில் ஓர் இந்தியப் பெண்ணும் இல்லை.

லாட்வியாவின் ஜனத்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. ஸ்லொவீனியாவினது சற்றேறக்குறைய 21 லட்சம். 2011 ஜனக்கணிதப்படி நமது திருவள்ளூர் ஜில்லா ஒன்றிலேயே 37 லட்சம் பேர். ஆட்பஞ்சம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அந்த ஜில்லாவின் மேற்குக் கோடியில், திருத்தணிகை மலைக்கு அப்பால், தறியோசை கேட்கும் அம்மையார்குப்பத்தில் ஒரு பெண் குழந்தை மட்டையைக் கையில் எடுத்தால் அவள் எங்கே போவாள்? ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். ஸானியா, ஸ்ரீவல்லி, ஸஹஜா யமலபள்ளி ஆகிய மூவரையும் வளர்த்தது ஹைதராபாத். பிரார்த்தனாவோ நெசவுக்குப் பேர் போன ஷோலாப்பூர் ஜில்லாவில் பார்ஷி என்ற சிற்றூர்க்காரர். சிற்றூர் என்பதும் நெசவுச் சீமை என்பதும் தடையல்ல என்பதற்கு அவரே சாக்ஷி. தமிழ்நாட்டிலும் அது புதிதன்று. 1960-லும் 1961-லும் விம்பிள்டனில் அரை இறுதி வரை சென்ற இராமநாதன் கிருஷ்ணன் தென்காசியில் ஆடிப் பழகியவரே. அமிர்தராஜ் சகோதரர்களையும் ரமேஷ் கிருஷ்ணனையும் தந்த சென்னை, பெண்கள் விஷயத்தில் ஏன் இத்தனை கஞ்சத்தனம் காட்டியது? கோயமுத்தூர் நிருபமா வைத்தியநாதன் 1998-இல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் ஒற்றையரில் ஒரு சுற்று வென்றார். பிறகு நீண்ட மௌனம். அதே கோயமுத்தூரின் மாயா ராஜேஸ்வரன் பதினைந்து வயதில், 2025 பிப்ரவரியில், பம்பாய்ப் பந்தயத்தின் அரை இறுதியை எட்டியபோதுதான் அது கலைந்தது.

நுங்கம்பாக்கத்தில் பெருந்தொகைப் பரிசுடன் ஸ்திரீகள் பந்தயம் 2022-லும் 2025-லும் நடந்தது. சர்க்காரின் அந்த முயற்சியை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் பட்டங்கள் வெளிதேசத்தாருக்கே சென்றன. 2025-இல் அங்கே வென்ற ஜானிஸ் ஜென், நாம் துபாயில் தோற்கடித்த அதே இந்தோனேஷியாவைச் சேர்ந்தவர். அமெரிக்கக் கலாசாலையில் படித்து, சிறு பந்தயங்கள் பலவற்றில் வென்று, படிப்படியாக ஏறி வந்தவர். நம்மிடம் குறைவது அந்தப் படிகளே. மாகாண டென்னிஸ் சங்கத்தார் பெரும் பந்தயம் ஒன்றோடு திருப்தியடையாமல், கோயமுத்தூர், மதுரை, வேலூர், திருநெல்வேலி ஆகிய ஊர்களில் பெண்களுக்கென்று சிறு பரிசுப் பந்தயங்களை வருஷம் முழுவதும் முறையாக நடத்த முன்வருவார்களா? வெளியூர்ப் பெண்ணுடன் துணைக்கு வரும் தாய்க்கு ரயில் செலவும் தங்க இடமும் கொடுப்பார்களா? சங்கத்தாரின் அடுத்த வருஷ வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு என்ன தொகை ஒதுக்கப்படுகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறோம்.