மறையும் முன் காட்டுபவர்

கும்பாபிஷேக நாளில் அன்பர்களின் கண்கள் எல்லாம் விமானத்தின் உச்சியிலுள்ள கலசத்தையே நோக்கியிருக்கும். அதற்கு முன்பே கருவறைக்குள் ஒரு பணி ஓசையின்றி நிறைவேறியிருக்கும். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் சேர்த்து இடித்த அஷ்டபந்தன மருந்து, திருமேனிக்கும் பீடத்துக்கும் இடையே சாத்தப்பட்டிருக்கும். சாத்திய பின் அதன் விளிம்பு மட்டுமே வெளியே தெரியும். ஆயினும், ஆண்டுக்கணக்கில் அபிஷேக நீர் உட்புகாமலும் திருமேனி அசையாமலும் காப்பது அந்த மருந்தே. அது பதமாக இடிக்கப்பட்டதா என்பதை அன்று உடனிருந்து கண்டவர்களே அறிவர்.

இல்லத்தைப் புதுப்பிக்கும் பணியும் இத்தகையதே. வண்ணமும் பளிங்கும் எல்லார் கண்ணுக்கும் படும். வீட்டைத் தாங்குகின்ற கம்பி, நீர் செல்லும் குழாய், மின்சாரம் ஓடும் கம்பிவடம், ஈரம் தடுக்கும் பூச்சு ஆகிய அனைத்தும் சுவருக்குள் மறைந்துவிடும். மறைவதற்கு முன் உரியவரை அழைத்துக் காட்டுபவர் யாரோ, அவரே நல்ல ஒப்பந்தக்காரர். மற்ற இலக்கணங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

ஓசூரில் இந்தச் செய்திக்குத் தனிப் பொருள் உண்டு. மரகதாம்பாள் உடனுறை சந்திரசூடேசுவரர் எழுந்தருளியுள்ள மலையைச் சுற்றிலும், சிப்காட் தொழிற்பேட்டையும் பெரிய ஆலைகளும் வந்தபின் ஊர் வேகமாக விரிந்தது. 2019-ஆம் ஆண்டில் அது மாநகராட்சியாகவும் ஆயிற்று. ஆலைப் பணிக்காக இளமையில் இங்கு வந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு கட்டிக் குடியேறியவர்கள் பலர். இன்று அவர்களுக்கும் முதுமை வந்துவிட்டது; அவர்கள் கட்டிய வீட்டுக்கும் முதுமை வந்துவிட்டது. மாடி ஏற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. கீழே ஒரு படுக்கையறை வேண்டும். குளியலறைத் தரை வழுக்குகிறது, கைப்பிடி வேண்டும். மகனோ மகளோ பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். வார இறுதியில்தான் வர இயலும். கையில் இருப்பது சேமநிதியும் பணிக்கொடையும். அந்தப் பணம் ஒருமுறை வீணானால், மறுபடி உழைத்து ஈட்டும் வயது இல்லை. ஆகவே, யாரிடம் பணியை ஒப்படைப்பது என்பது முதியோருக்கு வாழ்வாதாரக் கேள்வியாகிறது.

பணிக்கு முன்

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரின் வரலாற்றை அறியாத அடியார் இல்லை. பொருள் கிடைக்காத நிலையில் அவர் தம் உள்ளத்திலேயே சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தார். மனத்தில்தானே என்று அவர் எதையும் விட்டுவிடவில்லை. நல்ல நாள் பார்த்தார், கடைக்கால் இட்டார், அடித்தளம் முதல் சிகரம் வரை வரிசை தவறாமல் எழுப்பினார், சுதை வேலை செய்தார், கிணறு, மதில், குளம் அனைத்தையும் நினைந்து முடித்தார். கல்லால் கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, பூசலார் எடுத்த ஆலயத்தில் தாம் புகவிருப்பதால் அந்த நாளை ஒதுக்கி வேறொரு நாளில் விழாவை வைத்துக்கொள்ளுமாறு பணித்தருளினார். அன்பின் பெருமையைச் சொல்லும் இவ்வரலாறு, முழுமையாக எண்ணிய பின்னரே தொடங்க வேண்டும் என்னும் பாடத்தையும் உடன் தருகிறது.

நல்ல ஒப்பந்தக்காரர் முதல் நாளிலேயே விலை சொல்லமாட்டார். வீட்டை அளப்பார், ஈரம் கசியும் இடத்தைத் தட்டிப் பார்ப்பார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன இயலாமை என்று கேட்பார். பின்னர் மதிப்பீட்டை எழுதித் தருவார். எந்த வேலை, எத்தனை சதுர அடி, எந்தத் தரச் சிமெண்டு, எந்த அளவுக் கம்பி, எந்த நிறுவனத்தின் கம்பிவடம், பொருள் யாருடையது, கூலி எவ்வளவு, இடிபாடுகளை அகற்றும் செலவு யாரைச் சேர்ந்தது என்பனவெல்லாம் அதில் தனித்தனி வரிகளாக இருக்கும். “மொத்தமாக இவ்வளவு” என்னும் ஒற்றை வரி மதிப்பீடு ஆகாது.

எழுத்தில் கேட்டால் அவருக்கு மனம் வருந்துமோ என்று முதியோர் பலர் தயங்குவர். தஞ்சைப் பெரிய கோயிலில், இராஜராஜ சோழன் இறைவனுக்கு அளித்த பொற்கலங்கள்கூட ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்துக் கல்வெட்டில் பொறிக்கப்பட்டன. மன்னன் மீது எவருக்கும் ஐயம் இருந்ததால் அவ்வாறு செய்யப்படவில்லை. அளந்து எழுதுவது அறத்தின் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தை இல்லத்துக்கும் கொண்டுவருவதில் குற்றம் ஏதுமில்லை.

எல்லைப்புற ஊராகிய ஓசூரில் இன்னொன்றையும் கருத வேண்டும். ஒப்பந்தக்காரர் கர்நாடகப் பகுதியிலிருந்து வரலாம். மேஸ்திரி தெலுங்கோ கன்னடமோ பேசலாம். சித்தாட்கள் இந்தி மட்டுமே அறிந்திருக்கலாம். ஆகவே ஒப்பந்தம் வீட்டுக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இருத்தல் வேண்டும். பணி நடக்கும் இடத்தில் நாள்தோறும் பொறுப்பாக நிற்பவர் யார் என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். சிற்ப நூலாகிய மயமதம், கட்டடப் பணிக்கு ஸ்தபதி, சூத்திரகிராகி, தட்சகன், வர்த்தகி என நால்வரை வகுக்கிறது. ஸ்தபதி முழுமையும் அறிந்த தலைவர். சூத்திரகிராகி அளவு நூல் பிடிப்பவர். தட்சகன் கல்லும் மரமும் செதுக்குபவர். வர்த்தகி அவற்றை இணைத்து எழுப்புபவர். எந்தப் பிழைக்கு யார் விடை சொல்ல வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது. இன்றைய இல்லத்திலும் அந்தத் தெளிவு தேவை.

திருப்பணி தொடங்குமுன் ஆலயங்களில் பாலாலயம் செய்து, இறைவனின் அருளாற்றலை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். அங்கே நித்திய பூசை தடையின்றி நடக்கும். நல்ல ஒப்பந்தக்காரரும் “வேலை நடக்கும்போது சுவாமி படங்களை எங்கே வைப்பீர்கள்? சமையல் எங்கே? எந்தக் கழிவறையைப் பயன்படுத்துவீர்கள்?” என்று கேட்டு, ஒரே நேரத்தில் வீடு முழுவதையும் இடிக்காமல் பகுதி பகுதியாகத் திட்டம் வகுப்பார். முதியோர் இருக்கும் வீட்டில் இது பெரிய அருள்.

அறையோ மாடியோ கூடுதலாகக் கட்டுவதாயின் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவை. “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திக்கொள்வது நல்லது.

பணியின்போது

பழைய வீடுகளில் செங்கல் சுவர்களே மேல்தளத்தின் பாரத்தைத் தாங்குகின்றன. கூடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்துவிடலாமே என்று வீட்டுக்காரர் ஆசைப்படலாம். நல்ல ஒப்பந்தக்காரர் உடனே சம்மதியார். கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் கேட்ட பின்னரே கடப்பாரையைத் தொடுவார். வேலை கிடைக்குமே என்று எல்லாவற்றுக்கும் தலையசைப்பவரைவிட, “இது கூடாது, ஐயா” என்று சொல்லத் தெரிந்தவர் மேலானவர்.

தளம் போட்டால் அவர் பொறுமை காப்பார். 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநெறி, கான்கிரீட்டைச் சாதாரணச் சிமெண்டாயின் குறைந்தது 7 நாட்களும், கலப்புச் சிமெண்டாயின் குறைந்தது 10 நாட்களும் ஈரம் உலராமல் வைத்திருக்கச் சொல்கிறது. தளத்தைத் தாங்கும் முட்டுகளை, இடைவெளி 4.5 மீட்டர் வரையாயின் 7 நாட்களுக்கு முன்னும், அதற்கு மேலாயின் 14 நாட்களுக்கு முன்னும் எடுத்தலாகாது. கலப்புச் சிமெண்டுக்கு இன்னும் சில நாள் பொறுப்பதே பாதுகாப்பு. அடுத்த வேலைக்கு முட்டு வேண்டும் என்று நான்காம் நாளே கழற்றுபவரிடம் எச்சரிக்கை தேவை.

மறைபவற்றை அவர் காட்டும் முறையும் இப்படி இருக்கும். கான்கிரீட் கொட்டுமுன் கம்பி கட்டியதைக் காட்டுவார். சுவரைப் பூசுமுன் குழாய்களில் அழுத்தத்துடன் நீரை நிறுத்திக் கசிவில்லை என்று காட்டுவார். குளியலறையில் ஓடு பதிக்குமுன், நீர்த்தடுப்புப் பூச்சின் மீது ஒரு நாளுக்குக் குறையாமல் நீரைத் தேக்கி, கீழேயும் பக்கச் சுவரிலும் ஈரம் பரவவில்லை என்பதைக் காட்டுவார். பூச்சுக்குள் செல்லும் கம்பிவடங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தருவார். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உயிர் காக்கும். பெங்களூரில் இருக்கும் பிள்ளைகளும் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியும்.

முதியோரின் குளியலறையில் வேறு சில உண்டு. தரை ஓடு சொரசொரப்பாக இருக்க வேண்டும். நீர் வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். வாசலில் உயர்ந்த படி கூடாது. உள்ளே விழுந்தவரை எளிதில் வெளியே எடுக்கும்படி கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். கைப்பிடியின் திருகு ஓட்டில் மட்டும் நில்லாமல் செங்கல்லுக்குள் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். வெந்நீர்க் கலனுக்குச் செல்லும் மின்வழியில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி இருக்க வேண்டும். கைப்பிடியின் மீது ஒப்பந்தக்காரர் தம் முழுப் பாரத்தையும் ஊன்றித் தொங்கிக் காட்டட்டும். அதுவே அதற்குரிய சோதனை.

பணத்தை வேலையின் படிநிலைகளுக்கு ஏற்பத் தவணையாக, வங்கி வழியே கொடுப்பது நலம். முன்பணம் முதற்கட்டப் பொருள் வாங்கும் அளவுக்குப் போதும். இடையில் தோன்றும் கூடுதல் வேலைக்கு, அதன் தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பின்னரே கை வைக்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. ஒப்புக்கொண்ட தவணையைத் தாமதியாமல் கொடுக்க வேண்டும். அது தாமதித்தால் முதலில் வாடுவது சித்தாளின் அடுப்பே. வெயிலில் உழைப்பவருக்கு ஒரு குவளை மோர் கொடுப்பதும் திருப்பணியில் சேரும்.

பணிக்குப் பின்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சரின் பெயர் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்று கல்வெட்டிலேயே காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்தப் பெயர் அந்தக் கட்டடத்துக்கு முன் நிற்கிறது. நல்ல ஒப்பந்தக்காரரும் தம் வேலைக்குத் தம் பெயரைக் கொடுக்கத் தயங்கமாட்டார். குறை இருந்தால் எத்தனை மாதம் வரை தம் செலவில் சரிசெய்வார் என்பதை எழுதித் தருவார். பொருள்களின் ரசீதுகளையும் உத்தரவாதச் சீட்டுகளையும் ஒப்படைப்பார். இறுதித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழிந்தபின் பெற்றுக்கொள்ள இசைபவராயின் இன்னும் சிறப்பு.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கோரும் பதிவு, விற்பனை நோக்கமற்ற பழுதுபார்ப்புப் பணிக்குத் தேவையில்லை. ஆகவே வீட்டுக்காரருக்குக் காவல், அவர் கையிலுள்ள ஒப்பந்தமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமுமே. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒப்பந்தக்காரரின் அலுவலகம் கர்நாடகத்தில் இருந்தாலும், வீட்டுக்காரர் தாம் வசிக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருப்பின் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமில்லை. முறையிடும் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். 1915 என்னும் தேசிய உதவி எண்ணிலும் முதலில் ஆலோசனை பெறலாம். எழுதப்பட்ட தாளும் எடுக்கப்பட்ட படமும் அங்கே சாட்சி சொல்லும்.

புதுப்பித்த வீட்டில் மறுபடி சுவாமி படங்களை ஏற்றி வைத்து விளக்கேற்றும் நாள் வரும். அன்று வருவோர் வண்ணத்தைப் புகழ்வர். ஓட்டின் அழகை வியப்பர். இரவில் தனியே எழுந்து குளியலறைக்குச் செல்லும் முதியவரின் கை, சுவரிலுள்ள கைப்பிடியை நம்பிப் பற்றும். அது ஆடாமல் அவரைத் தாங்கும். ஓட்டுக்குப் பின்னால் செங்கல்லில் ஆழமாக இறங்கியிருக்கும் திருகை, மறைவதற்கு முன்பே அவர் கண்ணால் கண்டிருப்பார்.