கால் கழுவ ஓர் இடம்

தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பர் இலக்கண நூலார். முதலாவதற்கு வகுப்பறைகளில் வழிவழியாகக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டு, 'கால் கழுவி வந்தேன்' என்பதாகும். நால்வர் நடுவே சொல்லக் கூசுவதை நயமான சொல்லால் மறைத்துச் சொல்லும் நாகரிகம் அது. ஆண்டுதோறும் இதனைக் கற்பித்து வருகின்றேன். எனினும், அந்த நயமான சொல்லைச் சொல்வதற்கும் வாய் வராத ஒருவர் என் வீட்டு முற்றத்திலேயே மூன்று நாள்கள் உழைத்தார் என்பதனைச் சென்ற கோடையில்தான் அறிந்தேன்.

வீட்டின் பின்கட்டை இடித்துக் கட்டும் பணி நடந்தது. கொத்தனார் ஒருவர், சித்தாள்கள் இருவர், அவர்களுள் ஒருவர் பெண். வெயில் கடுமையாக இருந்தமையால் என் தாயார் நண்பகலில் அனைவருக்கும் மோர் கொடுப்பார்கள். ஆண்கள் குடித்துவிடுவர். அப்பெண்மணியோ, "பெறகு குடிக்கிறேம்மா" என்று குவளையை ஓரமாக வைத்துவிடுவார். மூன்றாம் நாள் என் மகள், "அத்தா, அந்த அக்கா தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாங்களே, ஏன்?" என்று கேட்டாள். என் தாயார் தனியே அழைத்து வினவினார்கள். "குடிச்சா அப்புறம் போக எடம் வேணுமேம்மா" என்பதே விடை. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணிவரை இதே நிலை. எங்கள் வீட்டிலோ கழிப்பறைகள் இரண்டு. அவருக்கு எவரும் மறுக்கவில்லை. எவரும் வாய்திறந்து சொல்லவுமில்லை. சொல்லாமையும் மறுத்தலே என்பதை அன்று உணர்ந்தேன்.

இஃது என் வீட்டில் மட்டும் நிகழ்ந்த ஒன்றன்று. தச்சர், மின்பணியாளர், குழாய் பழுது பார்ப்பவர், சுண்ணாம்பு அடிப்பவர், வீட்டுப் பணிப்பெண் என நம் வாயிலைக் கடந்து வருவோர் பலர். கழிப்பறைத் தரைக்கு ஓடு பதித்தவரும், அதற்குக் குழாய் பொருத்தியவரும், அந்த அறையைப் பயன்படுத்தத் தயங்கி வெளியே சென்று மறைவிடம் தேடுவதைக் கம்பத்திலும் காணலாம், சின்னமனூரிலும் காணலாம்.

ஒரு தலைமுறைக்கு முன்னர் இந்தச் சிக்கல் இவ்வடிவில் இல்லை. நம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் பெரும்பாலான வீடுகளில் கழிப்பறையே கிடையாது. வீட்டுக்காரரும் வேலைக்கு வந்தவரும் ஓடைக்கோ தோப்புக்கோதான் சென்றனர். பெண்கள் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் சென்று பட்ட துன்பம் சொல்லி முடியாது. அந்நிலை மாறியது நன்றே. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டம் ஊரக வீடுகளுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது. தொழிலாளர் பலர் வீடுகளிலும் கழிப்பறை வந்தது. ஆனால் பகற்பொழுதில் அவர் இருப்பது தம் வீட்டிலன்று, நம் வீட்டில். வெற்றிடங்களோ மனைகளாகி வேலியிடப்பட்டுவிட்டன. வெளியும் மூடி, உள்ளும் திறவாதபோது அவர் எங்கே செல்வார்? நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் இருப்பதால் சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் நேரக்கூடும் என்பது மருத்துவர் எச்சரிக்கை.

சட்டம் காக்காதா எனலாம். அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், கடைகளில் பணிபுரிந்த பெண்கள் இதே துன்பத்தால் நீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டனர். விஜி என்னும் தையல் தொழிலாளியின் முயற்சியில் உருவான 'பெண்கூட்டு' அவர்களைத் திரட்டிக் கழிப்பறைக்காகப் போராடியது. உட்காரும் உரிமைக்கும் அக்குரல் எழுந்தது. கடைப் பணியாளர்க்கு இருக்கை அளிக்க 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழகமும் சட்டம் திருத்தின. கட்டுமானப் பணியிடங்களில் கழிப்பறை வேண்டும் என 1996-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயினும் பத்து இலட்ச ரூபாய்க்கு மேற்படாத செலவில் தம் சொந்த வீட்டைக் கட்டுவோரை அச்சட்டமே விலக்கி வைத்தது. ஆக, ஓர் அறையைப் பழுது பார்க்கும் இல்லத்தின் வாசற்படியில் சட்டம் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பண்பாடுதான் வழிநடத்த வேண்டும்.

இதற்குக் கூறப்படும் தடைகள் மூன்று. பெண்கள் புழங்கும் வீடு என்பது முதலாவது. நேர்மையான கவலைதான். உள்ளறையை ஒட்டிய கழிப்பறையைத் திறந்துவிட வேண்டுவதில்லை. புறத்தே உள்ளதைக் காட்டலாம். ஒன்றே உள்ள வீட்டில், வேலைக்கு வந்தவர் குரல் கொடுத்துவிட்டுச் செல்லலாம். சிமெண்டும் சேறும் படியும் என்பது இரண்டாவது. ஒரு வாளி நீரும் சவர்க்காரமும் அதனைப் போக்கும். மூன்றாவது தடையை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதுவே வலியது. அது தீட்டு என்னும் எண்ணம். அவர் பிசைந்த கலவையால் எழுந்த சுவருக்குள் நாம் உறங்கலாம். அவர் கால் பட்ட கழிப்பறை மட்டும் ஆகாதோ? அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்துவிட்டது. நம் வீட்டுக் கழிப்பறைக் கதவில் அது ஒளிந்து வாழ இடங்கொடுத்தல் தகுமோ?

மரியாதை இருபாலும் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. தொழிலாளர் காலைக் கழுவிவிட்டுப் புகுதலும், நீரூற்றித் தூய்மை செய்து வருதலும், கலவை படிந்த கருவிகளை அங்கே அலசாதிருத்தலும் முறையாகும். கலவை குழாயில் இறுகினால் அடைப்பு நேரும். இவற்றை முகம் சுளிக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கூலி பேசும்பொழுதே இதனையும் பேசி முடித்தல் இருவர்க்கும் நன்று. எனினும் முதற்சொல் வீட்டாருடையதாகவே இருத்தல் வேண்டும். கேட்பவர்க்கு அது கூச்சம். சொல்பவர்க்கோ ஒரு நொடிச் செயல்.

விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். உண்ண வந்தவரை மட்டுமன்றி உழைக்க வந்தவரையும் விருந்தாகக் கருதினால் என்ன குறைந்துவிடும்? நான்காம் நாள் காலை என் தாயார் அப்பெண்மணியிடம், "தாயி, கால் கழுவ அந்தப் பக்கம் இடம் இருக்கு, வாளியும் வச்சிருக்கேன்" என்றார்கள். அன்று நண்பகலில் மோர்க்குவளை வெறுமையாகத் திரும்பியது. இடக்கரடக்கலை இதுநாள்வரை கேட்பவர் கூச்சத்தை மறைக்கும் வழக்காகவே கற்பித்து வந்தேன். அது கொடுப்பவர் வாயிலும் வர வேண்டிய சொல் என்பதனை இவ்வாண்டு முதல் மாணவர்க்குச் சேர்த்துச் சொல்கின்றேன்.