ஊரில் எத்தனை பேருக்கு இருமல்? கணக்குப் போடும் அயப்பாக்கம்!

மழைக்காலம் வந்தால் அயனம்பாக்கத்திலும் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவரும். இரண்டு நாளில் அம்மாவுக்கு, அடுத்து தாத்தாவுக்கு. பலர் கஷாயம், மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு சமாளித்துவிடுவார்கள். மருத்துவமனைக்கே போகாத இவர்களை எப்படி எண்ணுவது?

அதற்கு விடை தேடும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பெயரைக் கேட்டால் பலரும் குழப்பிக்கொள்ளும் அயப்பாக்கம்! அங்குள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்தான் கொரோனா காலத்தில் நாடு தழுவிய ரத்தப் பரிசோதனை ஆய்வை முன்னின்று நடத்தியது.

மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் ஆர்.டி.பி.சி.ஆர் பரிசோதனை, இப்போது உடலில் வைரஸ் இருக்கிறதா என்று சொல்லும். ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளோ, முன்பே தொற்று வந்துபோனதைக் காட்டிக்கொடுக்கும். அறிகுறியே இல்லாமல் வந்துபோயிருந்தாலும்கூட!

2020 மே - ஜூனில் நடந்த முதல் சுற்றில், சென்னை உட்பட 70 மாவட்டங்களில் 28,000 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒருவர், அவரும் குலுக்கல் முறையில். தொற்று வந்துபோனவர்கள் 0.73 சதவிகிதம்தான். ‘இவ்வளவுதானா?’ என்று நினைக்க வேண்டாம். நாட்டில் உள்ள பெரியவர்களின் எண்ணிக்கைக்குக் கணக்கிட்டால் சுமார் 64 லட்சம் பேர்! பரிசோதனையில் உறுதியான ஒவ்வொருவருக்கும், 82 முதல் 130 பேர் வரை தொற்று வந்திருந்தது.

ஆகஸ்ட் - செப்டம்பரில் அது 6.6 சதவிகிதமானது. டிசம்பர் - ஜனவரியில் 21.4. இரண்டாம் அலைக்குப் பின், 2021 ஜூன் - ஜூலையில் 67.6. கடைசிக் கணக்கில் தடுப்பூசியால் கிடைத்த எதிர்ப்பாற்றலும் அடக்கம்.

சாதாரண ஃப்ளூவும் இப்படித்தான் கண்ணில் படாமல் பரவுகிறது. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அது அடுத்தவருக்குத் தொற்றும். அதனால்தான் காய்ச்சலும் இருமலுமாக வருபவர்களில் சிலரிடம், குறிப்பிட்ட மருத்துவமனைகளில் ஆண்டு முழுவதும் சளி மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். எந்த வைரஸ் சுற்றுகிறது, எந்தத் தடுப்பூசி பலன் தரும் என்பதற்கான துப்பு அதில்தான் கிடைக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். இருமுபவர் மாஸ்க் போடட்டும், தாத்தா பாட்டியிடமிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கட்டும். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நாளை இப்படியொரு ஆய்வுக் குழு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள். நீங்கள் கொடுக்கும் கொஞ்சம் ரத்தத்தில் ஊரின் கணக்கு இருக்கிறது!