அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும்?

நான்கு வருஷம் பி.எஸ்ஸி. நர்சிங். படிக்கும்போதே வார்டு டியூட்டி பார்த்தாயிற்று. கவுன்சில் பதிவும் கையில். இங்கே டெல்லியில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்கிறார்கள். இல்லையென்றால் 'டிரெயினி' என்று பெயர் வைத்து, கைச்செலவுக்குக் கொடுத்து, முழு ஷிப்ட் வாங்குகிறார்கள்.

நான் வங்கியில் சேர்ந்தபோது பி.காம். தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் போட்டார்கள்.

2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த கமிட்டி, சின்ன ஆஸ்பத்திரியிலும் நர்சுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்றது. வெறும் பரிந்துரை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அதுதான் வசதி! கல்விக் கடனுக்கோ, படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பம். எங்கள் கவுண்டரில் வந்து "அனுபவம் இல்லை சார்" என்றால் செல்லுமா?

புதுசுகளை நம்பி நோயாளியை விட முடியாதாம். சரி ஐயா, டிரெயினியை நம்பி மட்டும் ராத்திரி வார்டை எப்படி விடுகிறீர்கள்?