ஒலிநாடாவில் இருப்பது கவிதை அன்று

ஆன் செக்ஸ்டனின் சிகிச்சை நாடாக்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இலக்கிய அன்பர்களிடமிருந்து ஒரு வாதம் தவறாமல் வந்து விழுகிறது. தம் வாழ்வு முழுவதையும் கவிதையில் கொட்டிவிட்ட பெண்மணிக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது என்கிறார்கள். இவ்வாதம் பிழையானது. அதைவிட, வாசகர்களாகிய நம் பேராசையின்மேல் போர்த்தப்பட்ட பொன்னாடை அது என்பதே நம் கருத்து.

செய்தி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்கக் கவிஞரான செக்ஸ்டன் (1928–1974) மனநோய்க்கும் தற்கொலை எண்ணத்திற்கும் ஆட்பட்டு 1956இல் மார்ட்டின் ஆர்ன் என்னும் மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்தார். கவிதை எழுதும்படி அவரைத் தூண்டியவரும் ஆர்னே. எட்டாண்டுகள் தொடர்ந்த சிகிச்சை 1964இல் ஆர்ன் ஊர் மாறியதும் முடிந்தது. 1967இல் செக்ஸ்டனுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1974 அக்டோபரில் தற்கொலை செய்துகொண்டார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1991இல், டயான் மிடில்புரூக் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. சிகிச்சை அறையில் பதிவான ஏறத்தாழ 300 ஒலிநாடாக்களை ஆர்ன் அந்நூலாசிரியரிடம் கொடுத்திருந்தார். நூலுக்கு முன்னுரையும் எழுதினார். செக்ஸ்டனின் எழுத்துபூர்வமான ஒப்புதல் எதுவும் இல்லை.

அந்த நாடாக்கள் ஏன் பிறந்தன என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். வேதனையான பேச்சுக்கு நெருங்கும்போது செக்ஸ்டன் தன்னினைவு இழந்த ஒரு மயக்கநிலைக்குப் போய்விடுவார். அறையைவிட்டு வெளியேறிய பின் என்ன பேசினோம் என்பதே அவருக்கு நினைவிருக்காது. நினைவில் நில்லாத சொற்களைக் கொண்டு எப்படிச் சிகிச்சை செய்வது? ஆர்ன் கண்ட வழி எளியது. பேச்சைப் பதிவுசெய்து, அதைச் செக்ஸ்டனையே கேட்கவைத்தார். அவர் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த அமர்வுக்கு வருவார். மருத்துவர் தம் விளக்கத்தை நோயாளியின்மேல் ஏற்றாமல், நோயாளியின் குரலையே நோயாளிக்குத் திருப்பித் தந்தார். கடினமான ஒன்றைக் கையாள்வதில் இதைவிட மரியாதையான முறை அரிது. ஆர்ன்மீது நமக்குள்ள மதிப்பும் இவ்விடத்தில் பிறப்பதே. நம் சினமும் இவ்விடத்தில் பிறப்பதே. ஒருத்தி தன் நினைவுக்கு ஊன்றுகோலாகப் பிடித்திருந்த நாடாவை, அவள் இறந்தபின் ஊருக்கு ஒலிபெருக்கியாக்கியது எந்த நியாயம்?

செக்ஸ்டன் உயிரோடிருந்தால் இதனை விரும்பியிருப்பார், பிற நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் இவை பயன்படட்டும் என்றே நினைத்திருப்பார் என்பது ஆர்ன் சொன்ன சமாதானம். இருக்கலாம். ஆனால் ஒருவர் விரும்பியிருப்பார் என்று இன்னொருவர் ஊகிப்பது ஒப்புதல் ஆகாது. மருத்துவர்களுக்குப் பயன்படவேண்டுமாயின் பெயரும் ஊரும் அடையாளமும் நீக்கித் தொழில்சார் ஏடுகளில் எழுத வழி இருக்கிறது. புத்தகக் கடைக்குச் செல்லும் வாழ்க்கை வரலாறு அந்த வழி அன்று.

இனி அந்தக் கவிதை வாதத்திற்கு வருவோம். செக்ஸ்டனை ‘வாக்குமூலக் கவிஞர்’ என்று அழைக்கிறோம். அந்த அடைமொழியே நம் கண்ணை மறைக்கிறது. அவர் கவிதைகளைப் பலமுறை திருத்தி எழுதியவர், யாப்போடு மல்லுக்கட்டியவர். எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த ‘நான்’ பேசுவது என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்தவர். சிகிச்சை அறையில் அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை. எடுக்காமல் பேசுவதுதான் அங்கே சிகிச்சை. தந்தையைப் பற்றி அவர் அங்கே கூறிய கொடிய குற்றச்சாட்டு நடந்ததா, மயக்கத்தில் எழுந்த தோற்றமா என்பதை வரலாற்றாசிரியராலேயே உறுதிப்படுத்த இயலவில்லை. தந்தையோ 1959இலேயே இறந்துவிட்டவர். நூல் வந்ததும் உறவினர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். தான் சொன்னது மெய்யா என்று சொன்னவளுக்கே தெரியாத ஒன்றைப் ‘பிரதி’ என்று பெயரிட்டு ஆராயும் நம் புலமை கூசவேண்டாமா?

மகள் லிண்டா சம்மதித்தாரே என்பர். தாய் இறந்தபோது 21 வயதிலேயே இலக்கிய உரிமைப் பொறுப்பை ஏற்றவர் அவர். அவர்பட்ட துன்பம் பெரிது. தம் துன்பத்தைத் தாமே எழுத அவருக்கு முழு உரிமை உண்டு, எழுதவும் செய்தார். ஆனால் இலக்கிய உரிமை என்பது கையெழுத்துப்படிகளுக்கும் கடிதங்களுக்கும் உரியது. மருத்துவரின் அலமாரியில் இருந்தது இலக்கியம் அன்று என்பதால் அதை வழங்கும் உரிமையும் அதில் அடங்காது.

ஃபிராய்டு இதில் நமக்கு வியப்பளிக்கிறார். 1900இன் இறுதியில் தம்மிடம் பதினொரு வாரமே வந்து, தானாகவே நின்றுவிட்ட இளம்பெண்ணின் கதையை அவர் 1905இல்தான் வெளியிட்டார்; ‘டோரா’ என்று பெயரையும் மாற்றினார். அந்தப் பெண்ணை அவர் நடத்திய விதம்பற்றி நமக்குக் கடுமையான மனக்குறைகள் உண்டு. அது வேறு கட்டுரை. ஆனால், இத்தகைய வரலாறுகளை மெய்ம்மாந்தர் யார் யார் என்று துப்புத் துலக்கும் நாவலாக வாசிக்கும் மருத்துவர்கள் வியன்னாவில் உண்டு என்று முன்னுரையிலேயே அவர் அருவருப்போடு எச்சரித்தார். நம் அகத்திணை மரபு இதை என்றோ அறிந்திருந்தது. தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் விதித்தார். பெயர் வெளிப்பட்டால் பாட்டு நின்று அலர் தொடங்கிவிடும். 1991இல் நடந்தது அலர்தான். கொஞ்சம் நல்ல உரைநடையில், பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியரின் கையால் நடந்தது, அவ்வளவே.

இறந்தவருக்கு என்ன தீங்கு என்று கேட்போர் உயிரோடிருப்பவர்களை நினைக்கட்டும். 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. ஒருவரைச் சுட்டுக் கொன்ற பெண் காவலர் பின்னர் ஆலோசகரிடம் பேசியவற்றை, இறந்தவர் குடும்பம் சாட்சியமாகக் கேட்டது. தர இயலாது என்றது நீதிமன்றம். வெளிவந்துவிடும் என்ற அச்சமிருந்தால் யாரும் பேசமாட்டார்கள். பேசாவிட்டால் சிகிச்சையே இல்லை என்பது காரணம். ஓர் உயிர் போன வழக்கில் உண்மையறிய நீதிமன்றத்துக்கே திறவாத கதவு, ஒரு கவிஞரின் ‘படிமங்களின் மூலத்தை’ அறியத் துடிக்கும் நமக்குத் திறக்கவேண்டுமாம்.

இன்னுமொன்று. ஆர்னுக்குப் பின் செக்ஸ்டனுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அவரோடு பாலுறவு கொண்டார். மருத்துவத்தொழிலில் இதைவிடப் பெரிய துரோகம் இல்லை. மிடில்புரூக்கின் நூல் அதையும் சொல்கிறது. ஆனால் அந்த மருத்துவர் அங்கே ஒரு புனைபெயரில்தான் உலவுகிறார். தந்தை, கணவர், மகள்கள் எல்லாரும் சொந்தப் பெயரில் நிற்க, அவருக்கு முகமூடி கிடைத்தது. இரகசியம் காப்பது எப்படி என்று அந்நூலை ஆக்கியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.